ஆக்ஸில் மாற்றிய ஜீப் அதிர்கிறதா? ஷாஃப்டா, ஆர்மா, ஸ்பேசரா, எதற்குக் காசு கொடுப்பது

ஜீப் ராங்லரின் டி.ஜே. மாடலில் பின்பக்கம் இருக்கும் டானா 35 ஆக்ஸிலைக் கழற்றிப் போட்டுவிட்டு, பழைய ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரரில் இருந்து எடுத்த 8.8 ஆக்ஸிலை மாட்டுவது அமெரிக்க ஜீப் ஆட்களிடம் ரொம்பச் சாதாரணமான வேலை. காரணமும் நியாயமானதுதான். டானா 35-இல் ஆக்ஸில் ஷாஃப்டுக்கு 27 ஸ்ப்ளைன் (முனையில் வெட்டிய பற்கள்), 8.8-இல் 31, அதாவது இன்னும் பலமானது. 1995 முதல் 2001 வரை வந்த எக்ஸ்ப்ளோரரில் இருந்து எடுத்தால் டிஸ்க் பிரேக்கும் கூடவே வந்துவிடும், வீல் போல்ட் இடைவெளி ஜீப்புக்கு அப்படியே பொருந்தும், உடைசல் யார்டில் விலையும் மலிவு. வெல்டிங் எல்லாம் முடித்து, பெயின்ட் அடித்து, ஆசையாக நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போனால் 80 கி.மீ. தாண்டியதும் தரைத்தகடு உறுமத் தொடங்கும்.

உடனே ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். டிரான்ஸ்ஃபர் கேஸை (கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருந்து முன், பின் ஆக்ஸில்களுக்கு இழுவை பிரிக்கும் பெட்டி) ஒரு இன்ச் இறக்கு, ஆக்ஸிலைப் பிடிக்கும் கம்பிகளில் நீளம் மாற்றக்கூடிய அட்ஜஸ்டபிள் ஆர்ம் போடு, மேல் முனையில் இரட்டை ஜாயின்ட் உள்ள டபுள் கார்டன் ஷாஃப்ட் வாங்கு, கேஸுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே இருக்கிற ஷாஃப்டையே பேலன்ஸ் பண்ணு. நான்குமே நல்ல மருந்துதான், ஆனால் நான்கும் வேறு வேறு நோய்க்கு. இதில் எதற்குக் காசு கொடுப்பது என்று முடிவு பண்ணும் முன், வண்டியில் என்னென்ன மாறியது என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

பினியன் (ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்ஸிலின் சின்னப் பல்சக்கரம்) முனை முன்பு இருந்த இடத்தில் இல்லை, அதனால் ஷாஃப்டுக்கு வேண்டிய நீளமும் சாய்வும் மாறிவிட்டது. 8.8-இல் பினியன் நட்டநடுவில் இருக்காது, பயணி பக்கமாகத் தள்ளியிருக்கும், அதனால் பக்கவாட்டிலும் ஒரு கோணம் சேர்கிறது. யோக் (ஜாயின்டைப் பிடிக்கும் கவை) இருந்த இடத்தில் வட்டத் தட்டு மாதிரி ஃபிளாஞ்ச் வந்திருக்கிறது, அதோடு அடாப்டரோ, 1310, 1330 என்ற இரண்டு அளவுகளை இணைக்கும் கலப்பு யூ-ஜாயின்டோ (ஷாஃப்ட் முனையை மடங்கவிடும் சிலுவை மூட்டு) சேர்ந்திருக்கிறது. பிராக்கெட்டுகளை யாரோ கையால் அளந்து வெல்டிங் வைத்திருக்கிறார்கள். இவ்வளவும் கண்ணுக்குத் தெரியும். பலர் கவனிக்காமல் விடுவது கியர் விகிதத்தை. 4 லிட்டர் எஞ்சினும் மேனுவல் கியரும் உள்ள டி.ஜே.க்கள் நிறைய 3.07 விகிதத்தில் (வீலின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் 3.07 சுற்று) வந்தவை, மாட்டும் எக்ஸ்ப்ளோரர் ஆக்ஸில் பெரும்பாலும் 3.73 ஆகவோ 4.10 ஆகவோ இருக்கும் (முன் ஆக்ஸிலும் அதே விகிதத்துக்கு மாறியாக வேண்டும் என்பது தனிச் செலவு). டயரும் 30 இன்ச்சில் இருந்து 33 ஆனது, விகிதமும் 3.07-இல் இருந்து 4.10 ஆனது என்று வைத்துக்கொண்டால், அதே வேகத்தில் ஷாஃப்ட் முன்பைவிட 21 சதவீதம் கூடுதலாகச் சுற்றுகிறது. பேலன்ஸ் இல்லாத எடை உண்டாக்கும் விசை வேகத்தின் வர்க்கமாகக் கூடும், ஆகவே அது கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. இத்தனை வருஷம் சத்தமே போடாத பழைய ஷாஃப்ட், அதில் புதிதாக எந்தக் கோளாறும் வராமலேயே இப்போது சத்தம் போடலாம்.

சரி, கண்டுபிடிக்கும் வேலைக்கு வருவோம். முதலில் எஞ்சினை ஒதுக்க வேண்டும். அதிர்வு வரும் வேகத்துக்குப் போய், காலியான சாலையில் நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு வண்டியைத் தானாக ஓடவிடுங்கள். சாவியை அணைக்காதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். அதிர்வு அப்படியே இருந்தால் அது வண்டியின் வேகத்தோடு போகிறது, எஞ்சின், கிளட்ச் பக்கம் தேட வேண்டியதில்லை. நியூட்ரலில் காணாமல் போய், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மட்டும் வருகிறது என்றால் கோணத்தின் மேல் சந்தேகப்படலாம், ஏனென்றால் மிதிக்கும்போது பினியன் மூக்கு மேலே தூக்கும். காலை எடுத்தால் மட்டும் ஊளையிடுகிறது என்றால் பினியன் பேரிங்கைப் பாருங்கள். 8.8-இல் பேரிங் இறுக்கத்தை நிர்ணயிப்பது கிரஷ் ஸ்லீவ் (நட்டை முடுக்கும்போது நசுங்கும் வளையம்), அதனால் ஃபிளாஞ்சை எடுத்துவிட்டு யோக் போடுவதற்காக யாராவது பினியன் நட்டைக் கழற்றி, கைக்கு வந்தபடி திரும்ப முடுக்கியிருந்தால் அந்த இறுக்கம் மாறிவிடும்.

அடுத்ததாகச் செய்ய வேண்டியது செலவே இல்லாதது, ஆனால் நிறையப் பேர் இதைத்தான் தவிர்க்கிறார்கள்: முன் ஷாஃப்டைக் கழற்றுவது. டி.ஜே.யில் முன் வீலுக்கு லாக்கிங் ஹப் (வேண்டாதபோது வீலை ஆக்ஸிலில் இருந்து பிரித்துவிடும் ஹப்) கிடையாது, டூ-வீலில் ஓட்டினாலும் முன் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பெரிய டயருக்காக சஸ்பென்ஷனில் வண்டியைத் தூக்கியதில் அதன் கோணமும் கெட்டிருக்கும், நாம் பழியைப் பின் ஆக்ஸில் மேல் போடுவோம். இரண்டு பக்கமும் சில போல்ட்தான், ஆயிலும் ஒழுகாது. கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். பின் ஷாஃப்டை இதே மாதிரி கழற்றிவிட்டு ஃபோர்-ஹையில் முன் வீல் இழுவையில் ஓட்டிப் பார்ப்பது இன்னும் நல்ல சோதனை, ஆனால் டி.ஜே.யில் சாதாரணமாக வரும் என்.பி. 231 டிரான்ஸ்ஃபர் கேஸில் பின்பக்கம் ஸ்லிப் யோக் (போல்ட் இல்லாமல் கேஸுக்குள் சொருகி நிற்கும் முனை) என்பதால் ஷாஃப்டை உருவினால் ஆயில் வெளியே வரும், துவாரத்தை அடைத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். டி.ஜே.யின் ரூபிகான் வகையில் வரும் 241 கேஸுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பின் ஷாஃப்ட்தான் என்று உறுதியானபின், ஒரு சுற்றுக்கு எத்தனை முறை அதிர்கிறது என்று பார்க்க வேண்டும், முடிவே இதில்தான் இருக்கிறது. 33 இன்ச் டயர் 100 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 11 சுற்று. 4.10 விகிதத்தில் ஷாஃப்ட் 45 சுற்று. ஆகவே 11 ஹெர்ட்ஸ் பக்கம் அதிர்ந்தால் டயர், வீல், அல்லது வளைந்துபோன ஆக்ஸில் ஷாஃப்ட். இருக்கை குலுங்குவது போலத் தெரியும், எண்ணிவிடலாம் என்று தோன்றும். 45 பக்கம் அதிர்ந்தால் ஷாஃப்டின் பேலன்ஸ், வளைவு, அல்லது ஃபிளாஞ்ச் மையம் விட்டிருப்பது. 90 என்றால் யூ-ஜாயின்டின் கோணம், ஏனென்றால் சாய்ந்திருக்கும் யூ-ஜாயின்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி இரண்டு முறை குறையும். 45-க்கும் 90-க்கும் உள்ள வித்தியாசம் காலுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். 90 உறுமலாகக் கேட்கும், கண்ணாடியில் பிம்பம் மங்கும். போனில் அதிர்வு காட்டும் செயலியை வைத்துப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கணும்: போனின் சென்சார் நொடிக்கு 100 முறைதான் அளக்கிறது என்றால் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பது சரியாகக் காட்டாது, 90-இல் வரும் அதிர்வு 10 என்று தப்பாக விழுந்து டயர் மேல் பழி போடும்.

இனி மருந்துகளை ஒப்பிடலாம்.

ஷாஃப்டைப் பேலன்ஸ் பண்ணுவதுதான் எல்லாவற்றிலும் மலிவு, 45 ஹெர்ட்ஸுக்கு மட்டும் அதுதான் சரி. கோணம் கெட்டிருக்கும் வண்டியில் எவ்வளவு துல்லியமாகப் பேலன்ஸ் பண்ணினாலும் உறுமல் போகாது. கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளலாம். ஒன்று, ஷாஃப்டின் இரண்டு முனை யோக்கும் ஒரே வாட்டத்தில் இருக்கிறதா என்பது. ஸ்ப்ளைன் உள்ள ஷாஃப்டை யாராவது பிரித்து ஒரு பல் தள்ளிச் சேர்த்திருந்தால் அதுவே போதும் அதிர்வதற்கு. இன்னொன்று ஹோஸ் கிளாம்ப் வித்தை. பினியன் முனைக்குப் பக்கத்தில் ஷாஃப்டில் கிளாம்பைக் கட்டி, அதன் திருகுத் தலையைக் கால் சுற்று கால் சுற்றாக நகர்த்தி ஓட்டிப் பாருங்கள். ஏதாவது ஒரு இடத்தில் அதிர்வு தெளிவாகக் குறைந்தால் பேலன்ஸ்தான் கோளாறு, எங்கே வைத்தாலும் ஒரே மாதிரி என்றால் பேலன்ஸுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஃபிளாஞ்ச் அடாப்டர் போட்டவர்கள் அடாப்டரைப் பினியனோடு அரைச் சுற்று திருப்பி மாட்டிப் பார்ப்பதும் நல்லது, மையம் விட்ட அடாப்டரை எந்தப் பேலன்ஸும் சரிசெய்யாது.

டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்குவது அடுத்த மலிவான வழி. அடித்தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு இன்ச் ஸ்பேசர், நீளமான போல்ட், ஒரு மதிய வேலை. ஷாஃப்ட் 18 இன்ச் நீளம் என்றால் ஒரு இன்ச் இறக்கத்தில் அதன் சாய்வு 3 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் குறையும். கேஸின் பின்புறமும் ஒன்றரை டிகிரி போலச் சாய்வதால் மேல் ஜாயின்டுக்கு மொத்தத்தில் 4, 5 டிகிரி லாபம். குட்டையான ஷாஃப்டில் இது பெரிய விஷயம். எனக்கு இது பிடிக்காததற்குக் காரணம் வேறு. பாறையில் ஏறுவதற்காகப் பலமான ஆக்ஸில் மாட்டிவிட்டு, பாறையில் முதலில் இடிக்கும் வயிற்றுப் பகுதியை ஒரு இன்ச் கீழே இறக்குவது என்ன கணக்கு? போதாததற்கு, கேஸ் சாய்ந்த அளவுக்குப் பினியனும் சாய்ந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மேல் கோணமும் கீழ் கோணமும் ஒத்துப்போகாது. நெடுஞ்சாலையே அதிகம் ஓட்டுபவர், தூக்கியது 2 இன்ச்தான் என்றால், இறக்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம், தப்பில்லை.

பினியன் கோணத்தைத் திருத்துவது மூன்றாவது வழி, இதில்தான் குழப்பம் அதிகம். சாதாரண ஷாஃப்ட், அதாவது மேலே ஒரு யூ-ஜாயின்ட் கீழே ஒரு யூ-ஜாயின்ட் இருப்பது, இரண்டு கோணமும் சமமாக இருந்தால்தான் சரியாக ஓடும். மேல் ஜாயின்ட் உண்டாக்கும் வேக ஏற்ற இறக்கத்தைக் கீழ் ஜாயின்ட் எதிர்த்திசையில் அழிக்கிறது. கேஸின் வெளியீட்டு முனை 4 டிகிரி கீழ்நோக்கி, ஷாஃப்ட் 16 டிகிரி என்றால் மேல் ஜாயின்டில் 12 டிகிரி, பினியனும் 4 டிகிரி மேல்நோக்கி இருந்தால் கீழேயும் 12. இந்த நிலையில் ஒருவர் ஷாஃப்ட் ரொம்பச் சாய்ந்திருக்கிறதே என்று பயந்து, அட்ஜஸ்டபிள் ஆர்ம் வாங்கிப் பினியன் மூக்கை மேலே திருப்பி ஷாஃப்டுக்கு நேராக வைத்துவிடுகிறார். பார்க்க அழகாக இருக்கும். கீழ் ஜாயின்டில் கோணமே இல்லை, ஆகவே மேலே வந்த 12 டிகிரியின் 4.4 சதவீத ஏற்ற இறக்கத்தை அழிக்க ஆளில்லாமல் அது அப்படியே கிரௌன் பினியனுக்குப் போகிறது. ஆர்ம் போட்டபின் அதிர்வு இன்னும் மோசமாகிவிட்டது என்று புலம்புபவர்களில் பாதிப்பேர் கதை இதுதான்.

சமமாக வைத்துவிட்டால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. பினியனுக்கு ஒரே சீரான வேகம் கிடைத்தாலும், நடுவில் இருக்கும் ஷாஃப்ட் குழாய் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை முடுக்கி இரண்டு முறை தளர்ந்துகொண்டேதான் இருக்கிறது, அதன் எடையை இப்படி ஆட்டுவதே ஒரு அதிர்வு. 3 டிகிரியில் இந்த ஏற்ற இறக்கம் 0.3 சதவீதம்கூட இல்லை, 6 டிகிரியில் 1.1, 12 டிகிரியில் 4.4. கோணம் இரட்டித்தால் தொல்லை நான்கு மடங்கு. அதனால் நீளமான வண்டியில், 103 இன்ச் வீல்பேஸ் உள்ள 2004 முதல் 2006 வரையிலான அன்லிமிடெட் மாதிரி வண்டியில், ஷாஃப்டின் சாய்வே குறைவு என்பதால் பினியனைச் சமமாக்குவதே போதுமானதாக இருக்கும், அங்கே அட்ஜஸ்டபிள் மேல் ஆர்ம்தான் காசுக்கு நல்ல வழி. 93 இன்ச் குட்டை டி.ஜே.யில் 4 இன்ச் தூக்கியபின் ஆர்மை மட்டும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவது நேரத்துக்குக் கேடு.

பினியன் பக்கவாட்டில் தள்ளியிருப்பதைக் கீழே படுத்துப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும், ஆனால் கணக்குப் போட்டால் சின்ன விஷயம். 18 இன்ச் ஷாஃப்டில் ஒரு இன்ச் தள்ளியிருந்தால் 3.2 டிகிரி, செங்குத்தில் இருக்கும் 12-ஓடு சேர்த்தால் மொத்தக் கோணம் 12.4 தான் ஆகிறது. இதற்காக ஆக்ஸில் டியூபை வெட்டிக் குட்டையாக்க வேண்டியதில்லை. ஆக்ஸில் வண்டிக்குச் செங்குத்தாக நிற்காமல் ஒரு பக்க ஆர்ம் நீண்டு கோணலாக இருந்தால்தான் பிரச்சினை, அதற்கு அளவு நாடா போதும்.

பிராக்கெட்டை வெட்டி மறுபடி வெல்டிங் வைப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் வெல்டர் வைத்த கோணம் 8, 10 டிகிரி தப்பு என்றால் ஆர்மில் அவ்வளவு தூரம் திருகுவது தப்பை இடம் மாற்றுவதுதான்: ஷாக் அப்சார்பர் மாட்டும் இடம் கோணலாகும், ஸ்பிரிங் வில்லாக வளைந்து நிற்கும், ஆர்மில் மரை குறைவாகப் பிடிக்கும். மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிரைண்டரை எடுத்துவிடலாம், இந்த முறை முழுக்க வெல்டிங் வைக்கும் முன் ஸ்பாட் மட்டும் வைத்து, வண்டியின் முழு எடையையும் டயரில் இறக்கி, கோணத்தை அளந்துவிட்டு. நம் ஊர் பழைய மஹிந்திரா ஜீப் மாதிரி லீஃப் ஸ்பிரிங் வண்டியில் இந்த வேலையைச் சாய்வான ஷிம் செய்துவிடும், ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே வைத்து யூ-போல்டை முடுக்கினால் முடிந்தது. இரும்பு ஷிம்மாகப் பார்த்து வாங்குங்கள், அலுமினியம் நசுங்கி உடையும்.

கடைசி வழி ஸ்லிப் யோக்கை எடுத்துவிட்டு, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குக் குட்டையான வெளியீட்டு ஷாஃப்டும் நிலையான யோக்கும் போட்டு, அதில் டபுள் கார்டன் ஷாஃப்ட் மாட்டுவது. இருப்பதிலேயே செலவு அதிகம் இதற்குத்தான், ஸ்லிப் யோக் நீக்கும் கிட், ஷாஃப்ட், ஆர்ம் மூன்றையும் சேர்த்தால் பல நூறு டாலர் வரும், டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்கவும் வேண்டும். கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கிறது? வெளியீட்டு முனை குட்டையானதால் ஷாஃப்ட் சில இன்ச் நீளமாகி, சாய்வு அங்கேயே குறைகிறது. மேலே இருக்கும் 12 டிகிரியை இரண்டு ஜாயின்ட் ஆறு ஆறாகப் பங்குபோட்டு, தமக்குள்ளேயே அழித்துக்கொள்கின்றன. ஏற்ற இறக்கம் நடுவில் இருக்கும் சின்னத் துண்டில் மட்டும்தான், அதுவும் 1.1 சதவீதம், குழாய் சீராகச் சுற்றுகிறது. இந்த ஷாஃப்டுக்குத்தான் பினியனை ஷாஃப்டை நோக்கித் திருப்ப வேண்டும், சரியாகச் சொன்னால் மிதிக்கும்போது தூக்கும் அளவுக்கு இடம் விட்டு 1, 2 டிகிரி கீழே. முன்பு சொன்ன அந்த அழகான தப்பு இங்கே சரியாகிவிடுகிறது. அதே போல, விலை கொடுத்து டபுள் கார்டன் வாங்கிவிட்டுப் பினியனைப் பழைய கோணத்திலேயே விட்டால் கீழ் ஜாயின்ட் 12 டிகிரியில் தனியாக நிற்கும், முன்பைவிட அதிகம் அதிரும். ஆர்முக்குக் காசு இல்லை என்றால் டபுள் கார்டனையும் தள்ளிப் போடுங்கள், இரண்டும் சேர்ந்துதான் ஒரு வைத்தியம்.

இதிலும் மலிவான வழி ஒன்று உண்டு. இருக்கும் வெளியீட்டு ஷாஃப்டையே வெட்டி, நடுவில் துளையிட்டு மரை போட்டு, யோக்கைப் போல்டால் பிடிப்பது. துளை மையத்தில் விழுந்தால் நன்றாகவே ஓடும். கேஸைக் கழற்றாமல் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கை டிரில்லால் போடும்போது அது மையத்தில் விழுமா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

டபுள் கார்டனில் இன்னொரு லாபம், காட்டுக்குள் பின் ஜாயின்ட் உடைந்தால் ஷாஃப்டைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு ஆயில் ஒழுகாமல் முன் வீலில் வீட்டுக்கு வந்துவிடலாம். தொல்லையும் உண்டு. நடுவில் இருக்கும் சென்ட்ரிங் பாலுக்கு ஊசி மூக்கு கிரீஸ் கன் இல்லாமல் கிரீஸ் போகாது, அதைக் கவனிக்காதவர்கள் வண்டியில் அது தேய்ந்து மறுபடி அதிரும், சேறு, மணல், தண்ணீரில் ஓட்டினால் இன்னும் சீக்கிரம்.

என்னைக் கேட்டால், 3 இன்ச்சுக்கு மேல் தூக்கிய குட்டை டி.ஜே.யில் 8.8 மாட்டப் போகிறவர் ஆக்ஸில் பட்ஜெட்டிலேயே ஸ்லிப் யோக் நீக்குவதையும் டபுள் கார்டனையும் ஆர்மையும் சேர்த்துவிட வேண்டும். பிராக்கெட் வெல்டிங்கும் அந்த ஷாஃப்டுக்கான கோணத்திலேயே வைத்துவிடலாம், ஆர்மில் கடைசி ஓரிரு டிகிரி மட்டும் பிடித்தால் போதும். ஏற்கெனவே மாட்டி முடித்து அதிர்கிறவர் முன் ஷாஃப்டைக் கழற்றிப் பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம். கோணம் அளக்கும்போது வண்டி நான்கு டயரிலும் நிற்க வேண்டும், டிஜிட்டல் கோண மீட்டரை டிஃபரன்ஷியல் மூடியில் வைக்காமல் கடைசல் பிடித்த ஃபிளாஞ்ச் முகத்திலோ யூ-ஜாயின்ட் கேப்பிலோ வைக்க வேண்டும். ஜாக்கியில் ஆக்ஸில் தொங்கும்போது எடுத்த அளவு எதற்கும் உதவாது.

கோளாறு முன் ஷாஃப்டில்தான் என்று தெரிந்தால் கணக்கே வேறு. அங்கே பினியனை மேலே திருப்பினால் காஸ்டர் (ஸ்டீயரிங்கை நேராக நிற்க வைக்கும் பின்சாய்வு) குறையும், இரண்டும் ஒரே ஹவுசிங்கில் இருப்பதால். டி.ஜே.க்குக் கம்பெனி வைத்தது 7 டிகிரி பக்கம். அதை 4-க்குக் கொண்டுபோனால் ஷாஃப்ட் சத்தம் போடாது, ஆனால் ஸ்டீயரிங் நேராக நிற்காமல் நெடுஞ்சாலையில் வண்டி அலையும். அதிர்வைப் பொறுத்துக்கொண்டு காஸ்டரைக் காப்பாற்றலாம் என்பதுதான் என் பக்கம். கையில் காசிருந்தால் ஆக்ஸில் முனையில் இருக்கும் சி-வடிவ நக்கிளை வெட்டித் திருப்பி வெல்டிங் வைப்பவர்கள் இருக்கிறார்கள், அதைவிட லாக்கிங் ஹப் கிட் போட்டுவிடுவது எனக்கு உசத்தியாகப் படுகிறது: டூ-வீலில் முன் ஷாஃப்ட் சுற்றுவதே நின்றுவிடும், ஃபோர்-வீலில் போகும் வேகத்துக்கு எந்தக் கோணமும் சத்தம் போடாது.